ஏன் தூக்கவில்லை என்று கேட்டாய்

தம்பி,

வியாழக்கிழமை பின்னேரம் நீ போனில் கேட்ட கேள்விக்கு அந்த நேரம் என்னிடம் பதில் இருக்கவில்லை. "பிள்ளை கத்திக்கொண்டு கிடக்குது, நீங்கள் பக்கத்திலை நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறியள். பிறகு கமராவையும் நிப்பாட்டிப் போட்டியள். ஏன் அம்மா தூக்கேல்லை?" என்று கேட்டாய். ஆரணி பல் வைத்தியரிடமிருந்து திரும்பி வந்ததும், தலையிடிக்குது பிள்ளை என்று அவளிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ரெயின் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். நீ என் மேல் கோபமாக இருக்கிறாய் என்றுதான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று ஆரணி போன் எடுத்தாள். "அவர் கோவத்திலை இல்லை மாமி, பயந்துபோய் இருக்கிறார். உங்களுக்கு ஏதோ வருத்தம் வந்திட்டுது எண்டு நினைக்கிறார்" என்றாள். அதைக் கேட்டபிறகுதான் எழுத உட்கார்ந்தேன். உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னத்துக்கு இப்ப பழசைக் கிண்டுறீர்?" என்கிறார். அவருக்கு என்ன, அவர் கிண்டாமலே எல்லாவற்றையும் மறக்கக்கூடிய மனிதர்.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் நம்முடைய குடும்பக் குரூப்பிலும் போடப்போகிறேன். உனக்கு வெட்கமாக இருக்கும், தெரியும். ஆனால் ஒரு மாதமாக அந்தக் குரூப்பில் இதே கதைதானே நடக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு எந்த நாட்டில் எத்தனை மாதம், யார் சம்பளம் கொடுப்பது, அப்பாவுக்கும் கொடுக்கலாமா, சின்னக் கம்பெனி தாங்குமா என்று. ஒஸ்லோவிலிருந்து உன் சித்தி "எங்கடை நாட்டிலை கிட்டத்தட்ட ஒரு வருஷம்" என்று எழுத, டோட்முண்டிலிருந்து உன் மாமி "எங்கடை நாட்டிலை தகப்பனும் எடுக்கலாம்" என்று எழுத, எல்லோருமாகச் சேர்ந்து சுவிஸைப் பார்த்துச் சிரிக்க, நீ உடனே பாய்ந்து விழுந்து "எங்கடை நாட்டை" காப்பாற்றப் போனாய். பதினாலு கிழமை, மூன்று மாதத்துக்கு மேல் விடுமுறை, போதும், மிச்சத்தை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும், விடுமுறையைக் கூட்டச் சட்டம் வேண்டும் என்று ஸ்டேஷனில் கையெழுத்துக் கேட்டவர்களிடம் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன் என்று பெருமையாக எழுதினாய். ஒருவருக்கும் சொந்தமில்லாத நாடுகளுக்காக என் குடும்பம் இப்படி அடிபடுவதைப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான் ஒரு வரியும் எழுதவில்லை. "அக்கா ஏன் பேசாமல் இருக்கிறா?" என்று சித்தி இரண்டு தரம் கேட்டாள். அவளுக்கும் இதுதான் பதில்.

ஞாயிற்றுக்கிழமையோடு ஆரணியின் பதினாலு கிழமை முடிகிறது. திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போகவேண்டும். பிள்ளைகளைப் பார்க்கிற கீட்டாவில் பேத்தி மகிழினிக்கு ஆவணி மாதம்தான் இடம். இடையில் கிடக்கிற மூன்று மாதத்துக்கும் நான் உங்களோடு பூம்ப்ளிஸில் வந்து நின்று பிள்ளையைப் பார்ப்பேன் என்று எல்லோருமாக முடிவெடுத்தோம். என்னைக் கேட்டீர்கள், நானும் ஓம் என்றேன். அந்த ஓம் என் வாயிலிருந்து வந்ததுதான், நெஞ்சிலிருந்து வந்ததோ என்று நான் பார்க்கவில்லை. நம்முடைய சனத்தில் இதை யாரும் கேட்பதுகூட இல்லை. பிள்ளை பிறந்தால் தாயோ மாமியோ பெட்டியோடு வந்து இறங்குவாள். அதற்கு எந்த நாடும் சட்டம் போடத் தேவையில்லை. வியாழக்கிழமை வெறும் ஒத்திகை. "கெதியா வந்திடுவன் மாமி, அழுதாத் தூக்குங்கோ, பால் பிரிட்ஜுக்குள்ளை இருக்கு" என்று சொல்லிவிட்டு ஆரணி போனாள். நீ கட்டிலுக்கு மேலே பூட்டிவைத்த கமரா சின்னப் பச்சை வெளிச்சத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நீ பிறந்த காலத்தில் இந்த நாட்டில் பதினாலு கிழமையும் இருக்கவில்லை. பிள்ளை பெற்று எட்டுக் கிழமைக்கு வேலை செய்யக்கூடாது என்று சட்டம் இருந்தது. அந்த எட்டுக் கிழமைக்கும் யார் சம்பளம் தருவது என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. எங்களுக்கு அப்போது நிரந்தர விசாவும் இல்லை. வேலை போனால் விசாவும் ஆட்டம் காணும் என்று எல்லோரும் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அப்பா ரெஸ்ரோறன்ரில் பாத்திரம் கழுவினார். நான் கடிகாரக் கம்பெனியில் முள்ளுப் பூட்டுகிற மேசையில் இருந்தேன். ஒன்பதாவது கிழமை திங்கட்கிழமை உன்னை இரண்டாம் மாடித் தவமக்காவிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். தவமக்கா எங்கள் கட்டடத்தில் வேலைக்குப் போகிற நாலைந்து குடும்பத்துப் பிள்ளைகளைப் பார்த்தவ. நல்ல மனுசி. அவவைப் பற்றி ஒரு குறையும் சொல்ல வரவில்லை.

பால்தான் பிரச்சினை. எனக்கு நெஞ்சு கட்டி, கல்லாக இறுகி, காய்ச்சல் காய்ந்தது. கம்பெனியில் உடுப்பு மாற்றுகிற அறை ஒன்று இருந்தது. வெள்ளைக் கோட்டுகள் தொங்குகிற அந்த அறையின் மூலையில், இடைவேளைக்கு ஒரு கைப்பம்போடு போய் இருப்பேன். என்ன அமத்தியும் ஒரு சொட்டு வராது. உன்னை நிறுக்க வருகிற நேர்ஸிடம் அழுதேன். அவ சொன்னா, பிள்ளையின் உடுப்பை மணந்து பார், படத்தைப் பார், பிள்ளையின் சத்தத்தைக் கேட்டால் இன்னும் நல்லது, உடம்பு ஏமாந்துவிடும் என்று. பிள்ளையின் சத்தத்துக்கு எங்கே போவது? இப்போதென்றால் எல்லோர் கையிலும் இருக்கிறது. அப்போது எங்களிடம் ஒரு கசெற் இருந்தது.

அது உன்னுடைய முப்பத்தொன்று அன்றைக்குப் பதிந்தது. பிறந்து முப்பத்தோராம் நாள், தீட்டுத் துடக்குக் கழிக்கிற நாள். ஊருக்கு போன் இல்லை, படம் அனுப்பினால் போய்ச் சேர மாதக்கணக்காகும். ஆனபடியால் எல்லோரும் குரலைக் கசெற்றில் பதிந்து போகிறவர் வருகிறவரிடம் கொடுத்து அனுப்புவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்த என் ஐயா பேரனின் குரலையாவது கேட்கட்டும் என்று உன் அப்பா அன்று காலையிலிருந்து ரேப் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். உனக்கு மொட்டை அடித்தபோது அதைப் பக்கத்திலேயே வைத்து அமத்திவிட்டார். அந்த நேரம் நான் குளியலறைக்குள் தலைக்கு மஞ்சள் வைத்து முழுகிக்கொண்டிருந்தேன். முழுகி முடியாமல் வெளியே வரக்கூடாது என்று வந்திருந்த பெண்கள் சொல்லிவிட்டார்கள். கதவுக்கு வெளியே நீ கத்துகிறாய். எனக்குக் கேட்கிறது. தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு நிற்கிறேன்.

அந்தக் கசெற்றில் எல்லோரும் இருக்கிறார்கள். "இண்டைக்கு எங்கடை மகனுக்கு முப்பத்தொண்டு" என்று அப்பா நாடகக்காரர் மாதிரித் தொடங்குவார். யாரோ சிரிப்பார்கள். "தலையை வடிவாப் பிடியுங்கோ, ஆட்டுறான்" என்று மயிர் இறக்கியவர் சொல்வார். பிறகு நீ. முதலில் சிணுங்கி, பிறகு மூச்சுப் பிடித்து, பிறகு வீடே அதிர. யாரும் உன்னைத் தூக்கமாட்டார்கள். கத்தி தலையில் இருக்கும்போது எப்படித் தூக்குவது? "முடிஞ்சுது, முடிஞ்சுது" என்பார்கள், முடியாது. என் குரல் மட்டும் அதில் இல்லை. நான் முழுகிவிட்டு வந்து உன்னை வாங்கி நெஞ்சோடு அணைத்தது உண்மை. ஆனால் அதற்கு முதலே அப்பா ரேப்பை நிற்பாட்டிவிட்டார். சண்டையில் ஊருக்குப் போகிற பாதை பூட்டிக் கிடந்தது, கொண்டுபோக ஆளும் அகப்படவில்லை. ஆகவே கசெற் எங்கள் வீட்டு மேசை லாச்சிக்குள்ளேயே கிடந்தது.

அதை ஒரு வோக்மனில் போட்டு வேலைக்குக் கொண்டுபோனேன். கோட்டுகளுக்கு நடுவில் இருந்து காதில் மாட்டி அமத்தினேன். நீ கத்தத் தொடங்கியதும் பால் வந்தது. உள்ளுடுப்பு நனைந்து கோட்டெல்லாம் நனைகிற அளவுக்கு வந்தது. நான் சிரித்தேன், அழுதேன், என்ன செய்தேன் என்று தெரியாது. போத்தலை மூடி ஜன்னலுக்கு வெளியே பனிக்குள் புதைத்து வைத்துவிட்டு மேசைக்குப் போய்விட்டேன். அதிலிருந்து ஒவ்வொரு இடைவேளைக்கும் அதுதான் வேலை. அமத்தினால் நீ அழுவாய், பால் வரும், போத்தல் நிரம்பும், நிற்பாட்டுகிற கட்டையை அமத்துவேன், நீ அடங்குவாய். பின்னேரம் வீட்டுக்கு வந்து தவமக்காவின் கதவைத் தட்டினால், "உங்கடை பெடியன் அழுறதே இல்லைத் தங்கச்சி, தங்கம் மாதிரிக் கிடக்கிறான்" என்பா. நீ நித்திரையில் கிடப்பாய். உன்னில் தவமக்கா வீட்டுச் சாம்பிராணி மணக்கும். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு படியேறுவேன். தம்பி, இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. என் கையில் கிடந்த பிள்ளை அழாத பிள்ளை. அழுகிற பிள்ளை வேறொன்று. அது கம்பெனியில், என் அலுமாரிக்குள் கிடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பஸ்ஸில் பாதிவழி வந்தபிறகுதான் வோக்மனை அங்கேயே விட்டுவிட்டு வந்தது நினைவு வந்தது. சனி ஞாயிறு எனக்கு அது தேவையில்லை, நீதான் வீட்டில் இருப்பாயே. அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அடுத்த தரிப்பில் இறங்கினேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது, திரும்பிப் போகிற பஸ்ஸைக் காணவில்லை, ஏற்றத்தில் வழுக்கி வழுக்கி நடந்தேன். காவல்காரன் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தான். என்ன விட்டுவிட்டாய், வீட்டுத் திறப்பா, காசா என்று பிரெஞ்சில் கேட்டான். பிள்ளையை விட்டுவிட்டேன் என்று சொல்ல வாய் உன்னியது. அந்த நிமிடம் நான் பயந்த பயம் போல வாழ்க்கையில் ஒரு நாளும் பயந்ததில்லை. மூன்று எல்லை தாண்டி வந்தபோதும் பயந்ததில்லை. அலுமாரியைத் திறந்து அதை எடுத்துக் கோட்டுக்குள் வைத்து மூடிக்கொண்டுதான் வீடு வந்தேன். அப்பா உனக்குப் போத்தலில் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். ஏன் பிந்தியது என்று கேட்டார். பஸ் பிந்திவிட்டது என்றேன்.

மொனிக்கைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். பிரான்ஸ் எல்லைக்கு அங்காலிருந்து தினமும் கார் ஓடி வேலைக்கு வந்தவள், என் பக்கத்து மேசை. நான் பால் எடுக்கும்போது யாரும் உள்ளே வராமல் வாசலில் காவல் நிற்பாள். ஒரு நாள் என்ன பாட்டுக் கேட்கிறாய் என்று பகிடியாகக் கேட்டபடி ஒரு பக்கத்தை இழுத்துத் தன் காதில் வைத்தாள். நீ உச்சத்தில் கத்துகிற இடம். நான் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். அவளுடைய இரண்டு கைகளும் தானாக முன்னுக்கு நீண்டன, தொட்டிலுக்குள்ளிருந்து ஒன்றைத் தூக்கப்போகிறவள் போல. தன்னைத்தானே பார்த்து வெட்கப்பட்டு இறக்கிவிட்டாள். அப்போதுதான் என் கைகளைப் பார்த்தேன். ஒன்று பம்பில் இருந்தது. மற்றது நிற்பாட்டுகிற கட்டையில் இருந்தது. பிள்ளை அழுதால் ஒரு தாய்க்கு எழும்பவேண்டிய கை எனக்கு எழும்பவில்லை. உடம்பை ஏமாற்றலாம் என்று நேர்ஸ் சொன்னது சரி. ஏமாந்த உடம்பைத் திருப்பிப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது எப்படி என்று அவவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டு மாதத்தில் பால் தானாக நின்றுவிட்டது. நான் கேட்பது நிற்கவில்லை. பால் இல்லாத நெஞ்சோடு கோட்டுகளுக்கு நடுவில் போய் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருதரமாவது, யாராவது, கடைசி நேரத்தில் தூக்கிவிட மாட்டார்களா என்று இருக்கும். உன் அப்பா அதைக் கண்டுபிடித்தார். மறப்பவர் என்று சொன்னேன், ஆனால் பார்க்காதவர் இல்லை. ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் வோக்மன் வெறுமையாக இருந்தது. "கொழும்புக்குப் போற ஒராளிட்டைக் குடுத்து விட்டனான், ஐயா கேக்கட்டும்" என்றார். அது போய்ச் சேர்ந்ததோ, வழியில் எந்தச் சோதனைச் சாவடியில் யாரின் கையில் அகப்பட்டதோ தெரியாது. ஐயா அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, பிறகு ஐயாவும் இல்லை. எங்கோ ஒரு இடத்தில் அது கிடக்கிறது என்றுதான் எனக்குள் இருக்கிறது. சில பின்னேரங்களில் பிள்ளை சிணுங்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டு அடுப்பைத் தணித்துவிட்டு நிற்பேன். அது எங்கள் கட்டடத்து லிஃப்டாக இருக்கும்.

நீ நடக்கப் பழகிய காலத்தில் விழுந்து அழுதால் அப்பாதான் ஓடுவார். நான் இருந்த இடத்தில் இருந்துகொண்டு, "ஒண்டுமில்லை, எழும்பு ராசா" என்பேன். அம்மாவுக்கு நல்ல நெஞ்சுரம் என்று நம்முடைய ஆட்கள் சொன்னார்கள். நீயும் உன் கலியாண மேடையில் பேசும்போது அதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாய், "நான் விழுந்தால் எங்கடை அம்மா ஹெல்மெற் போட்டனியோ எண்டுதான் கேப்பா" என்று. நானும் சிரித்தேன். ஏன் எனக்கு ஒரு தங்கச்சி இல்லை என்று பள்ளிக்கூடம் போகிற வயதில் நச்சரிப்பாய். வீடு சின்னன் என்று சொன்னேன். வீடு சின்னன்தான், அதுவும் பொய்யில்லை.

உனக்கு நாலு வயது நடந்தபோது இந்த நாடு வாக்குப் போட்டது, பிள்ளை பெற்றவளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை கொடுப்போமா என்று. எங்கள் கன்ரீனில் அந்தக் கிழமை முழுக்கச் சண்டை. மொனிக் கொதித்தாள், ஆனால் அவள் பிரெஞ்சுக்காரி, அவளுக்கு இங்கே வாக்கில்லை. எனக்கும் இல்லை. எங்கள் மேசையில் வாக்கு இருந்த ஒரே ஆள் வயதான ஒரு சுவிஸ் அம்மா. அவ சூப்பைக் குடித்துக்கொண்டு அமைதியாகச் சொன்னா, தான் மூன்று பிள்ளைகளை ஒருவரிடமும் கை நீட்டாமல் வளர்த்ததாகவும், அதை இப்போது மற்றவர்கள் காசுக்குச் செய்வதைப் பார்த்தால் தான் பட்ட பாட்டுக்கு ஒரு அர்த்தமும் இல்லாமல் போய்விடும் என்றும், ஆனபடியால் வேண்டாம் என்று போடப்போவதாகவும். எனக்கு அவவில் கோபம் வரவில்லை. பட்ட பாட்டை வீணாகவிட யாருக்குத்தான் மனம் வரும்? நாங்கள் இருந்த பிரெஞ்சு பேசுகிற பக்கத்துச் சனம் ஓம் என்றது, நாடு வேண்டாம் என்றது. நீ பெரிய வகுப்புக்கு வந்த பிறகுதான் இந்தப் பதினாலு கிழமையும் வந்தது. நீ குரூப்பில் எழுதியதை வாசித்தபோது அந்த அம்மாவின் முகம்தான் வந்தது. அவவாவது தான் பட்டதைச் சொன்னா. நீ என்ன பட்டாய் ராசா?

சித்திக்கும் ஒன்று சொல்லவேண்டும். ஒஸ்லோவில் அவளுக்கு நீண்ட விடுமுறை கிடைத்தது உண்மை. ஆனால் அவள் அப்போது எனக்குப் போன் எடுத்து அழுததையும் குரூப்பில் எழுதலாம்தானே. "அக்கா, வெளியாலை முழுக்க இருட்டு, இவர் வேலைக்குப் போனால் நானும் பிள்ளையும் சுவரும்தான். எனக்குப் பைத்தியம் பிடிக்கப்போகுது" என்றாள். இரண்டாவது பிள்ளைக்குச் சித்தப்பாவும் வீட்டில் நின்றார். அவர் சோறு கரிய விட்டதையும், பிள்ளைக்குச் சட்டையைத் திருப்பிப் போட்டதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தப் பிள்ளையின் காலத்தில் அவள் ஒரு நாளும் அழவில்லை. எத்தனை கிழமை என்று ஐரோப்பா முழுக்க அடிபடட்டும், அடிபடத்தான் வேண்டும், கிழமை கூடினால் நல்லதுதான். அந்தக் கிழமைகளில் தாய்க்குப் பக்கத்தில் யார் நின்றார்கள் என்றுதான் நான் கேட்பேன்.

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன். மகிழினி எழும்பினாள். சிணுங்கினாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போனேன், தூக்கத்தான் போனேன். பிறகு அவள் மூச்சுப் பிடித்துக் கத்தினாள். அந்தக் கத்தல் உன்னுடையது, தம்பி. உன் மகள்தானே, தொண்டையும் உன்னுடையதுதான். கை எழும்பவில்லை. நெஞ்சு கனத்தது, இந்த வயதில், வற்றிப்போன நெஞ்சு. யாராவது வந்து தூக்குவார்கள் என்று காத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று உனக்குத்தான் தெரியும், நீ பார்த்துக்கொண்டிருந்தாய், எனக்குத் தெரியாது. அப்போது அந்தக் கமராவுக்குள்ளிருந்து உன் குரல் வந்தது. "அம்மா, தூக்குங்கோ! தூக்குங்கோ அம்மா!" முப்பது வருடமாக ஒரு மெஷினுக்குள்ளிருந்து நீ அழுவதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அது வாய் திறந்து பேசிவிட்டது. நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். கையை நீட்டி நிற்பாட்டினேன். வயர்தான் அகப்பட்டது, இழுத்தேன்.

உனக்கு அதோடு படம் கறுத்துவிட்டது. அதன் பிறகு நடந்ததை நீ காணவில்லை. நிற்பாட்டியும் அழுகை அடங்கவில்லை. எனக்கு அது புதினமாக இருந்தது. நிற்பாட்டினேன், இன்னும் அழுகிறதே, அப்படியென்றால் இது உண்மையான பிள்ளை என்று விளங்கி, தூக்கினேன். தோளில் போட்டுத் தட்டினேன். ஆரணி வரும்போது பிள்ளை நித்திரை. நான் சுவரோடு சாய்ந்து நின்றேன். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, ராசா. டொக்டரிடம் நேரம் எடுத்திருக்கிறேன், இதையெல்லாம் அவவுக்கும் சொல்வேன், அதற்காக நீ பயப்படாதே. ஆனால் நீ கேட்ட கேள்விக்கு இதைவிட வேறு பதில் இல்லை.

இப்போது நான் பயப்படுவது எனக்காக இல்லை. புதன்கிழமை ஆரணி எனக்குத் தன் புதுப் பம்பைக் காட்டினாள். சத்தமே இல்லை, சட்டைக்குள் வைத்துக்கொண்டு வேலை செய்யலாமாம். வேலையிடத்தில் அதற்கென்று ஒரு அறையும் சம்பளத்தோடு நேரமும் தருவார்களாம். நல்லது, எங்களுக்கு அது இருக்கவில்லை. பிறகு போனை எடுத்து, "பால் வராட்டி இதைப் போட்டுப் பாப்பன் மாமி, இவர் எடுத்துத் தந்தவர்" என்று ஒரு வீடியோவைப் போட்டாள். மகிழினி அழுகிறாள். நீ படம் எடுத்துக்கொண்டு நிற்கிறாய், "அம்மா வாறா, அம்மா வாறா" என்று சொல்லிக்கொண்டு. நீ அன்பாகத்தான் செய்தாய். உன் அப்பாவும் அன்பாகத்தான் ரேப் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். ஆரணி அந்த வீடியோவைப் பார்த்த பார்வையை நீ பார்க்கவில்லை. வீடியோ முடிந்த பிறகும் போனைக் கீழே வைக்கவில்லை. பக்கத்து அறையில் பிள்ளை நித்திரை கொண்டுகொண்டிருந்தது.

இன்னொன்றும் சொன்னாள், சொன்னதற்காக அவளோடு சண்டைக்குப் போகாதே. உன் மேலாளர் தானாகவே உன்னிடம், விரும்பினால் சம்பளமில்லாமல் மூன்று மாதம் வீட்டில் நில், வேலை அப்படியே இருக்கும் என்று சொன்னாராம். நீ இன்னும் மறுமொழி சொல்லவில்லையாம். பெரிய பொறுப்புக்கு உன் பெயர் அடிபடுகிற நேரம், பம்பர்ஸ் மாற்ற லீவு எடுத்தவன் என்று பெயர் வந்துவிடும் என்று யோசிக்கிறாயாம். அம்மாதான் வாறாவே, பிறகென்ன என்றாயாம். அந்த "பிறகென்ன" எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். எட்டுக் கிழமைதானே, தவமக்கா இருக்கிறாதானே, பிறகென்ன என்று நானும் உன் அப்பாவும் ஆளுக்காள் சொல்லிக்கொண்டோம். எங்களுக்கு வேறு வழி ஒருவரும் காட்டவில்லை. உனக்கு உன் மேலாளரே கதவைத் திறந்துவிட்டு நிற்கிறார். நீ வாசலில் நின்று சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

ஸ்டேஷனில் கையெழுத்து வைக்கிறதும் வைக்காததும் உன் விருப்பம். அந்தச் சட்டம் வருகிற நேரம் மகிழினி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பாள். ஆனால் திங்கட்கிழமை நாளை மறுநாளே வருகிறது. நான் பெட்டி கட்டவில்லை. பூம்ப்ளிஸுக்கு நான் வரப்போவதில்லை. உன் மகளைத் தனியாக என்னிடம் விடவேண்டாம் என்று உன்னிடம் கேட்க எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். நினைத்துவிட்டு, அதற்காக மனம் இளகி என்னைக் கூப்பிட்டுவிடாதே. உன் அப்பாவை அனுப்பச் சொல்லியும் கேளாதே, அவரும் வரமாட்டார், நான் சொல்லிவிட்டேன். இன்றைக்கே மேலாளருக்கு எழுது. நீ வீட்டில் நிற்கிற நாட்களில் வருகிறேன், சமைத்து வைக்கிறேன், நீ பக்கத்தில் நின்றால் பிள்ளையையும் வாங்குகிறேன்.

அந்த வீடியோவை ஆரணியின் போனிலிருந்து அழி. அவள் வேலையிடத்திலிருந்து போன் எடுத்தால் பிள்ளை சிரிக்கிறதைக் காட்டு, சிரிக்கவில்லையென்றால் உன் முகத்தைக் காட்டு. திங்கட்கிழமை காலமை அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் மகிழினி கத்துவாள். போனை எடுக்காதே. என்னைக் கூப்பிடாதே, நான் எடுக்கமாட்டேன். வீட்டில் உன்னைத் தவிர வேறு ஒருவரும் இருக்கமாட்டார்கள், தம்பி. தூக்கு.

அம்மா